பாதத்துக்குக் கட்டம் இல்லை

மூன்றாவது தடவை

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று மூன்றாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தபோது ஏழுமலை தன் மணிக்கட்டை என் விரல்களிலிருந்து உருவிக்கொண்டான். ஜுரம் இல்லாதவர்களின் நாடியை எண்ணுவது என் தொழில். அதில் முதல் கஷ்டம், தனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த மனிதன் கையைக் கொடுத்துவிட்டு அரை நிமிடம்கூடச் சும்மா உட்கார மாட்டான் என்பது.

ஐம்பதுகளின் நடுவில், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் கால்பந்து அணிக்கு என்னை நியமித்தார்கள். அதற்கு முன் மருத்துவக் கல்லூரி ஒன்றின் உடலியல் சோதனைச்சாலையில் தவளைகளோடு இருந்தேன். வெளிநாடு போய்வந்த மேனேஜர் ஒருவர், அங்கே ஆட்டக்காரர்களை விஞ்ஞான முறையில் தயார்செய்வதைப் பார்த்துவிட்டு, நமக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த ஆள் என்ன செய்வான் என்று அவர் சொல்லவில்லை. நானாகவே ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பத்தொன்பது கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்றைத் தயாரித்தேன். உயரம், எடை, நெஞ்சுச் சுற்றளவு, மூச்சின் கொள்ளளவு, தொடை, கெண்டைக்கால், நாடி. உங்களிலும் யாராவது படிவம் நிரப்பிப் பிழைக்கிறவர்களாக இருந்தால், முதல் வாரத்தில் அது எவ்வளவு பெருமையைத் தரும் என்று தெரிந்திருக்கும்.

ஏழுமலை அணியின் இடது ஓரத்து ஃபார்வர்ட். வீடு அல்சூர் பக்கம் கௌதமபுரம் சேரியில். மர டிப்போவில் கட்டை சுமந்துகொண்டிருந்தவனை ஒரு தெருப் போட்டியில் பார்த்து கோச் அழைத்துவந்திருந்தார். பெயின்ட் ஷாப்பில் தற்காலிக ஹெல்பர் வேலை. அணியில் இடம் நிலைத்தால் வேலையும் நிலைக்கும். இல்லாவிட்டால் திரும்பவும் மர டிப்போ. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. இதெல்லாம் எந்தக் கட்டத்திலும் வராத விவரங்கள். எனக்குத் தெரிந்தது, சாதாரண மனிதனுக்கு எழுபது அடிக்கிற நாடி இவனுக்கு நாற்பத்துச் சொச்சம்தான் அடிக்கிறது என்பது. என் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டு முதல் தடவை, என்னைச் சந்தேகப்பட்டு இரண்டாவது தடவை எண்ணியாகிவிட்டது.

ஏழுமலை மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "நம்பளுது மெதுவாத்தான் சார் அடிக்கும். அவசரம் காலுக்குத்தான், நெஞ்சுக்கு இல்ல."

ஏறி இறங்குதல்

இருபது அங்குல உயரத்தில் தச்சரிடம் ஒரு ஸ்டூல் செய்து வாங்கினேன். டக் டக் என்று தாளம் காட்டும் பெட்டி ஒன்றை வைத்து, அதற்குச் சரியாக ஐந்து நிமிடம் ஒவ்வொருவரும் ஸ்டூலில் ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்கார வைத்து நாடி எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்று எண்ண வேண்டும். இதயத்தின் தரத்தை அறிய உலகமெங்கும் இதைத்தான் செய்கிறார்கள் என்று விளக்கினேன். பதினெட்டுப் பேரும் கேட்டுக்கொண்டார்கள். யாரும் நம்பவில்லை.

நான்காம் நிமிடத்தில் கோல்கீப்பர் உட்கார்ந்துவிட்டான். சென்டர் ஹாஃப் தாளத்தைத் தவறவிட்டு, பெட்டிதான் தவறாக அடிக்கிறது என்றான். ஏழுமலை கடைசியில் வந்தான். வேர்வைகூட அதிகம் இல்லை. இறங்கியதும் ஸ்டூலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"இத்தினி தபா ஏறினதுக்கு மைசூர் போயி சாமுண்டி மலையே ஏறியிருக்கலாம் சார். சாமியாச்சும் பாத்திருப்போம்."

அப்பா

எங்கள் வீடு மல்லேஸ்வரத்தில், பிராமணர் தெரு ஒன்றில். அப்பா மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். ஒருவன் என்ன வேலை செய்கிறான் என்பதை ஒரே சொல்லில் சொல்ல முடிய வேண்டும் என்பது அவர் கொள்கை. குமாஸ்தா, தாசில்தார், டாக்டர். என்னுடையதற்குச் சொல் கிடைக்காமல் அவர் சில மாதங்கள் கஷ்டப்பட்டார். வந்தவர்களிடம் "ஃபாக்டரியில இருக்கான்" என்று சொல்லி முடித்துக்கொள்வார்.

ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது படிவத்தைக் காட்டி அவருக்கு விளக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்தொன்பது கட்டங்களையும் பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "நன்னா இருக்கறவன் நன்னா இருக்கான்னு எழுதிக் குடுக்கறதுக்கு ஒருத்தனாடா?"

பூட்ஸ்

அதுவரை எங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டால் போதும். பூட்ஸ் கட்டாயம் என்ற விதி வந்த பிறகும் உள்ளூர் ஆட்டங்களில் கண்டும் காணாமலும் விட்டிருந்தார்கள். நான் சேர்ந்த நான்காவது வருடம் அணியை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. வெறுங்காலுக்கு இனி இடமில்லை. ஸ்டோரிலிருந்து எல்லாருக்கும் பூட்ஸ் கொடுத்தார்கள்.

கோச் மாச்சய்யா குடகுக்காரர். ராணுவத்தில் மெட்ராஸ்காரர்களோடு பல வருடம் இருந்ததால் நல்ல தமிழ் பேசுவார், உத்தரவு போடுவதுபோல. அவர் ஏழுமலையை நிறுத்தி, "ஆறு வாரம். அதுக்குள்ள பூட்ஸ் உன் காலாயிடணும்" என்றார். ஏழுமலை தலையாட்டினான். கால் சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டேன். "பஸ்ட்டு க்ளாஸா கீது சார்" என்றான். அவன் வாழ்க்கையில் முதல் பூட்ஸ் அது. கேட்ட எனக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது. மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டி அவன் ஓடினால் எதிரி பின்காவல்காரன் நின்று வேடிக்கை பார்ப்பது வழக்கம். இப்போது அவனைத் தடுக்க எதிரிகள் ஓடவே தேவையில்லாமல் போயிற்று. மஸ்தான் பாய், எங்கள் மாலிஷ்காரர், மைதானத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவர். ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் அவர் சொன்னது: "மானுக்கு லாடம் அடிச்சிட்டாங்க சாப்."

என் அறிக்கை

இப்போதுதான் நான் தேவைப்பட்டேன். ஏழுமலைக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வாரத்தில் எழுதித் தரும்படி கோச் கேட்டார். நான்கு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். உற்சாகமாக வேலை செய்தேன். ஐம்பது கஜ ஓட்டத்தை ஸ்டாப் வாட்ச்சில் பார்த்தேன். பழைய குறிப்பைவிட அரை விநாடிக்கு மேல் தாமதம். ஓடிய பிறகு நாடி முன்பைவிட வேகமாக அடித்தது. அடங்கவும் நேரமாயிற்று. தொடையையும் கெண்டைக்காலையும் எட்டில் ஒரு பங்கு அங்குலம்வரை அளந்தேன். எடையைப் பார்த்தேன். பார்க்கும் முன் வழக்கம்போல பூட்ஸைக் கழற்றச் சொன்னேன்.

எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பிறகு கீழே முடிவுரை எழுத ஒரு கோடு இருந்தது. 'தொடைத் தசைகளில் தளர்ச்சி. திறன் குறைந்துவருகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்க்க நன்றாக இருந்தது. கோச் அதைப் படித்துவிட்டு, போட்டிக்குப் போகிறவர்களின் பட்டியலில் ஏழுமலையின் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார். அந்தப் பட்டியல் மாதக் கடைசியில் உத்தியோகப் பிரிவுக்குப் போகும். அதில் இல்லாத தற்காலிக ஆளுக்குத் தொழிற்சாலையில் வேலை இல்லை.

மறுநாள் ஏழுமலை என் அறை வாசலில் வந்து நின்றான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

"தளர்ச்சின்னு எழுதினியாமே சார்? எங்கன்னு காட்டு, நானே தட்டிச் சரி பண்ணிக்கிறேன்."

குழாயடியில்

அந்த வாரம் ஒரு சாயங்காலம், பயிற்சி முடிந்து ஆட்டக்காரர்கள் போன பிறகு, குழாயடிக்குக் கை கழுவப் போனேன். சிமென்ட் தரையில் ஈரமான காலடிகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் கால் மாதிரி இருந்தன; ஒன்று மட்டும் விசிறி மாதிரி இருந்தது. குதிகால் சின்னது. விரல்கள் ஒன்றை ஒன்று தொடாமல் அகன்று, சுண்டுவிரல் தனியாக வெளியே போயிருந்தது. அது காய்ந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடையது என்று கேட்கவேண்டி இருக்கவில்லை.

ஆட்டக்காரர்களின் அறைக்குப் போய் அவன் பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். நீளத்தில் அவனுக்குத் தேவையானதைவிட இரண்டு அளவு பெரியது. அகலத்துக்காகப் பெரியதாகக் கேட்டு வாங்கியிருக்கிறான். முன்னால் காலியாக இருந்த இடத்தில் பழைய துணியை அடைத்திருந்தான். துணி வேர்வையிலும் மண்ணிலும் ஊறிக் கல்லாகி இருந்தது. தராசில் வைத்தேன். ஒரு காலுக்கு ஏறக்குறைய இரண்டு ராத்தல். உள்பக்கம் சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் தோல் கறுத்துப்போயிருந்தது, அது ரத்தம்.

மஸ்தான் பாய் உள்ளே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். ஏழுமலையின் கால் முறம்போல விரிந்தது என்றும், தினமும் சுண்டுவிரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டுவது தான்தான் என்றும், பூட்ஸ் சேரவில்லை என்று தெரிந்தால் கோச் அணியிலிருந்து எடுத்துவிடுவார் என்று யாரிடமும் சொல்லவேண்டாமென்று அவன் கேட்டுக்கொண்டான் என்றும் சொன்னார். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். மஸ்தான் பாய் யோசித்தார். கேலி செய்கிற முகம் இல்லை அது.

"நீங்க கழுத்துலேருந்து முட்டிக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் எழுதுறீங்க சாப். அதுக்குக் கீழே என்னுது டிபார்ட்மெண்ட்னு நெனச்சேன்."

பென்சில்

பாதத்தின் வடிவத்தைக் காகிதத்தில் எடுக்க வேண்டும். ஏழுமலையை அறைக்கு அழைத்து, வரைதாளை விரித்து, அதன்மேல் நிற்கச் சொன்னேன். நின்றான். நான் பென்சிலோடு கீழே மண்டியிட்டேன். அவன் குதித்துச் சுவரோரம் போய்விட்டான். "ஐயோ வாணாம் சார். நீங்க போயி என் கால..." என்று நிறுத்திக்கொண்டான். பென்சிலை வாங்கித் தானே குனிந்து வரைந்தான். குனிந்தால் பாரம் முன்னால் வருகிறது, கோடு விலகுகிறது. இரண்டு தாள் வீணாயின. நிமிர்ந்து, முழு எடையையும் ஊன்றி நிற்க வேண்டும். வேறொருவர்தான் வரைய வேண்டும். அதைச் சொன்னேன். அவன் போய்க் கதவைச் சாத்தினான். பிறகு வந்து நின்றான்.

இடதுகையால் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்கும் முன் ஒரு கணம் என் கை நின்றது. அவனுடைய கூச்சம் எனக்கு முன்பே தெரியும். என்னுடையது அப்போதுதான் தெரிந்தது. நான்கு வருடமாக இந்த மனிதர்களின் நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்திருக்கிறேன், வியர்வைத் தொடையை அளந்திருக்கிறேன். பாதத்துக்கு ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஆங்கிலப் புத்தகத்திலும் அது இல்லை என்பது உண்மை. அதை எழுதியவன் பிறந்ததிலிருந்து ஷூ போட்டவர்களைப் பார்த்து எழுதியிருப்பான். எனக்கு அந்தச் சாக்கு கிடையாது. மல்லேஸ்வரத்தில் வளர்ந்த ஒருவன் கௌதமபுரத்துக்காரனின் காலடியில் குனியவேண்டிய வேலை எதுவும் இந்த ஊரில் இதற்கு முன் இருந்ததில்லை.

ஒவ்வொரு விரலையும் சுற்றி மெதுவாகக் கோடு போட்டேன். சுண்டுவிரலில் நகம் இல்லை. அவன் சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றபடி சொன்னான்: "சீக்கிரம் முடி சார். யாராச்சும் வந்துட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

இரண்டாவது அறிக்கை

என் முதல் அறிக்கை தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோச்சிடம் கொண்டுபோனேன். நீங்களும் எப்போதாவது எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கப் போயிருந்தால், அந்த மேஜைக்கும் கதவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். மாச்சய்யா இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பாதத்தின் படத்தைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராகப் பிடித்தார்.

இந்தக் காலுக்கு ஏற்றபடி பூட்ஸ் தைத்து, ஒரே ஒரு முறை அவனை ஆடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். இந்த மாதப் பட்டியல் வருகிற ஞாயிறு சாயங்காலம் போகிறது, அன்று காலை ஓர் ஆட்டம் வைக்கிறேன், அதற்குமேல் முடியாது என்றார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"நோடப்பா, இங்கே பாரு," என்று கூப்பிட்டார். "போன வாரம் தசைன்னே. இந்த வாரம் பாதம்ங்கறே. அடுத்த வாரம் ஜாதகம் கொண்டாருவியா?"

மாணிக்கத்தின் கட்டைகள்

சிவாஜி நகரில் ஒரு சந்தில் மாணிக்கம் என்பவர் ராணுவ அதிகாரிகளுக்குப் பூட்ஸ் தைத்தவர் என்று மஸ்தான் பாய் அழைத்துப்போனார். நான் கொடுத்த வரைபடத்தைத் தரையில் வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார் மாணிக்கம். பிறகு சுவரில் வரிசையாகத் தொங்கிய மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். பாத வடிவில் செதுக்கிய அந்தக் கட்டைகளின்மேல்தான் தோலை இழுத்துத் தைப்பார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. எல்லாம் நீளமாக, ஒடுக்கமாக, முனையில் கூராக இருந்தன.

ஒரு கட்டையின் இரண்டு பக்கமும் தோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடித்து அகலப்படுத்தினால் முடியும் என்றார். சனிக்கிழமை தருவதாகச் சொன்னார். இத்தனை கட்டையில் ஒன்றுகூடவா சேரவில்லை என்று கேட்டேன். அவர் அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் தொரைங்க அளவு சாமி. அவங்க கப்பல் ஏறிட்டாங்க, காலை இங்கியே உட்டுட்டுப் போயிட்டாங்க."

ஞாயிறு

காலையிலேயே தூறல். புதுத் தோல் நனைந்தால் இறுகும் என்று மாணிக்கம் எச்சரித்திருந்தார். மஸ்தான் பாய் விளக்கெண்ணெயை அரைமணி நேரம் தேய்த்து ஊறவிட்டிருந்தார். ஏழுமலை போட்டுக்கொண்டு எழுந்து நின்றான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இந்தத் தடவை உடனே பதில் சொல்லவில்லை. நாலடி நடந்து, நின்று, உள்ளே விரல்களை அசைத்துப் பார்த்துவிட்டு, "வெரல் ஆடுது சார்" என்றான்.

முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. வாங்கின கடனைத் திருப்பித் தருகிறவன்போல ஜாக்கிரதையாக ஓடினான். இரண்டு முறை பந்தை வெளியே விட்டான். கோச் கையைக் கட்டிக்கொண்டு குடையில்லாமல் நனைந்தபடி நின்றார். என் கையில் ஸ்டாப் வாட்ச் இருந்தது. நான் எழுதிய முதல் அறிக்கையே சரியாகிவிடுமோ என்று பயந்தேன். அப்படிப் பயந்தது நல்லதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குமுன் என் முடிவுகள் சரியாகிவிடுமோ என்று நான் ஒருநாளும் பயந்ததில்லை.

பிறகு நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பந்து அவனிடம் வந்தது. கோட்டை ஒட்டிப் போனான். சேற்றில் பின்காவல்காரன் குறுக்கே சறுக்கி வந்தபோது ஏழுமலை அங்கே இல்லை. மூலைக்குப் போகும்முன் உள்ளே திரும்பி அடித்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிற்று. வாட்ச்சை அழுத்த மறந்துவிட்டேன் என்பதைப் பந்து மைதானத்தின் மறுபக்கம் போன பிறகுதான் கவனித்தேன். அதற்குப் பிறகு அதேபோல நான்கு முறை போனான். நான்காவது முறை கோல்.

மழை நின்ற பிறகு, ஆட்டக்காரர்களின் அறை வராந்தாவில் கோச் பட்டியலைப் படித்தார். ஏழுமலையின் பெயர் பதினோராவதாக வந்தது. அவன் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். மஸ்தான் பாய் அவன் முதுகில் ஒரு அடி வைத்தார். கோச் காகிதத்தை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"மத்த பத்துப் பேர் காலும் எடுத்துடு. இன்னிக்கே. போட்டியில வந்து எவனும் நொண்டக் கூடாது."

வரைதாள் அத்தனை இல்லை. பழைய செய்தித்தாள்களை வராந்தாத் தரையில் விரித்தோம். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். முதல் ஆள் நெளிந்தான், அடுத்தவன் சிரித்தான், அப்புறம் அது ஒரு வேலையாகிவிட்டது. கோல்கீப்பரின் வலதுகால் இடதைவிடப் பெரியது என்பது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. நெஞ்சிலிருந்து அளக்க ஆரம்பித்து நான்கு வருடத்தில் தரைக்கு வந்துசேர்ந்த விஞ்ஞானி இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பத்தாவது ஆள் விலகியதும் பென்சிலைச் சீவிக்கொண்டு எழுந்திருக்கப் போனேன். எதிரே புதிதாக ஒரு தாள் விரிந்தது. மாச்சய்யா ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, மைதானத்தைப் பார்த்தபடி அதன்மேல் நின்றிருந்தார். ராணுவ பூட்ஸில் பல வருடம் நெருங்கிக் கிடந்த விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. காற்றில் தாளின் மூலை எழும்பிற்று. பெஞ்சில் உட்கார்ந்து நனைந்த பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த ஏழுமலை, துடைப்பதை நிறுத்தாமலே காலை நீட்டி, கட்டைவிரலால் அந்த மூலையை அழுத்திக்கொண்டான். நான் கோச்சின் குதிகாலிலிருந்து கோடு போட ஆரம்பித்தேன்.